தீவுக்குப் பெயர் வைத்தவர் யார்?

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் சில ஊர்ப்பெயர்கள் தவறாமல் செய்தித்தாளில் இடம்பிடிக்கும். நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல், கோரைத்திட்டு. வடகரைப் பக்கம் திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டால் ஓரிரு நாளில் இவை தீவுகளாகிவிடும். படகு வரும், நிவாரண முகாம் திறக்கும், தண்ணீர் வடியும், ஊர் மறுபடி ஊராகும். இவை எப்படிப்பட்ட இடங்கள் என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. படுகை, ஆறு ஏறி இறங்கும் கரையோர நிலம். திட்டு, சுற்றிலும் நீர் போனாலும் தலை நனையாத மேடு. ஒன்றில் கோரை முளைத்திருந்தது, இன்னொன்றில் மணல் வெளுத்துக் கிடந்தது. முதலைமேட்டுக்கு விளக்கம் தேவையில்லை. கொள்ளிடத்தில் முதலைகள் இன்றும் உண்டு.

எந்த எழுத்தாளரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்களல்ல இவை. கற்பனையாக ஒரு தீவுக்கூட்டத்தையே உருவாக்கி, அதற்கு ஊரும் துறையும் மலையும் வைத்து, எல்லாவற்றுக்கும் பெயரிட வேண்டிய கட்டாயம் இன்று ஒரு தொழிலாகவே இருக்கிறது. கணினி விளையாட்டு செய்கிறவர்களின் தொழில் அது. அவர்கள் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள், எங்கே வெற்றி பெறுகிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்பதைக் காவிரிக் கடைமடையில் நின்று பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கடைமடையில் எங்கே என்று கேட்டால், நன்னிலம் என்பேன். திருவாரூர் மாவட்டத்தின் பேரூராட்சி. அதே பெயரில் வட்டத்தின் தலைமையிடம். சுந்தரர் பாடிய பெருங்கோயில் உள்ள ஊர். 'நல்ல நிலம்' என்பதைவிட எளிமையான பெயரை ஒரு ஊருக்கு வைத்துவிட முடியாது.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் ஏறினால் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று நிலையங்கள் வரும். பூந்தோட்டத்தை ஒட்டிக் கூத்தனூர்; ஒட்டக்கூத்தருக்குச் சோழ மன்னன் கொடுத்த ஊர் என்பது மரபு. சுற்றுவட்டாரத்தில் சன்னாநல்லூர், அச்சுதமங்கலம், கொல்லுமாங்குடி, திருப்புகலூர், ஆண்டிப்பந்தல், மாப்பிள்ளைக்குப்பம், ஸ்ரீவாஞ்சியம், முடிகொண்டான். இந்தப் பட்டியலில் ஒழுங்கு இருக்கிறது: நல்லூர், மங்கலம், குடி, ஊர், குப்பம் என்று முடியும் பெயர்கள் டெல்டா முழுவதும் உண்டு. ஒழுங்கின்மையும் இருக்கிறது. அளம் என்றால் உப்பளம். பேரளத்திலிருந்து காரைக்கால் கடற்கரைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெயர்க் காரணம் எதுவானாலும் கேட்பவரை ஒரு கணம் நிறுத்தி யோசிக்கவைக்கும் பெயர் அது. முடிகொண்டான் ஊர்ப்பெயரா, ஆள்பெயரா? ஆற்றுக்கும் அதே பெயர். இராமன் பரத்வாஜருக்கு முடி தரித்த கோலத்தில் காட்சி கொடுத்த தலம் என்கிறது கோயில் கதை. முடிகொண்ட சோழன் என்பது முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயர் என்கிறது கல்வெட்டு. இரண்டு விளக்கமும் அருகருகே வாழ்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை.

ஆறுகளைப் பாருங்கள். டெல்டாவில் ஊருக்கு முன் பெயர் பெற்றது நீர். குடமுருட்டி, ஓடம்போக்கி, கோரையாறு, வெண்ணாறு ஆகியவை கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர்கள். வெட்டாறு, புத்தாறு ஆகியவை மண்வெட்டி பிடித்தவர் வைத்தவை. வீரசோழன், கீர்த்திமான், விக்கிரமன், முடிகொண்டான், திருமலைராஜன் ஆகியவை அரண்மனையிலிருந்து வந்தவை. அரசன் பெயர் தாங்கிய ஆறுகள் பெரும்பாலும் புதிதாக வெட்டியோ திருத்தியோ பெறப்பட்டவை என்று கருத இடமுண்டு. தேவாரம் அரிசில் என்று சொல்லும் ஆறு இன்று அரசலாறு. 'அரிசில்' புரியாமல் போனதும் நாக்கு 'அரச'னைத் தேடிக்கொண்டது போலும். ஒரே வட்டத்தின் வரைபடத்தில் இத்தனை கைகள் பெயர் எழுதியிருக்கின்றன.

தீவு என்று சொன்னால் நமக்குக் கடல்தான் நினைவுக்கு வருகிறது. ஆற்றுக்கு நடுவே கிடக்கும் நிலத்துக்குத் தமிழில் தனிப் பெயர்களே இருந்தன. ஆற்றிடைக்குறை என்பது நூல்வழக்கு. துருத்தி, அரங்கம் இரண்டும் ஊர்ப்பெயராகவே நிலைத்தவை. காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து அணைத்துக்கொண்ட நிலம் திருவரங்கம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில் திருப்பூந்துருத்தி. இன்றைய குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி. இந்த ஊர்களில் இறங்கி நின்றால் யாருக்கும் தீவில் நிற்பதாகத் தோன்றாது. ஆற்றின் நிலை மாறலாம், பேருந்து நிலையம் வரலாம். பெயர் மட்டும் பழைய நிலவரைபடத்தை விடாமல் வைத்திருக்கிறது. பிற்காலத்தில் முன்னொட்டாக வந்து சேர்ந்த 'திரு' அதன்மேல் பக்தியை ஏற்றியது. அரங்கம் அடுத்து ஸ்ரீரங்கம் ஆனது. அங்கே வடமொழியும் வந்து உட்கார்ந்தது. ஒரு தீவு, மூன்று காலம், ஒரே பெயருக்குள்.

சோழ அரசின் நிர்வாகப் பெயர்களிலும் இந்த நீர்க்கணக்கு உண்டு. முதலாம் இராசராசன் சோழநாட்டை வளநாடுகளாகப் பிரித்து, தன் விருதுப்பெயர்களையே அவற்றுக்கு வைத்தான்: அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு. எல்லையை மட்டும் ஆறுகள் குறித்தன. உய்யக்கொண்டார் வளநாட்டை அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே உள்ளதாகவே கல்வெட்டுகள் அடையாளம் காட்டும். பேச்சளவில் பேரரசின் மாவட்டம். வடிவத்தில் அதுவும் ஓர் ஆற்றிடைக்குறை. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழமண்டல அரசியல் நிலவியல் ஆய்வு, கல்வெட்டில் சிதறிக் கிடந்த இத்தகைய நாடு, கூற்றப் பெயர்களை வரைபடத்தில் நிறுத்திக் காட்டியது. அதற்கு முன்பே, 1946இல், ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' ஊர்ப்பெயரைப் படிக்கும் ஆசையைப் பொதுவாசகருக்கு ஊட்டிவிட்டது. அதன் தமிழ்நடைக்கு மயங்காதவர் குறைவு. பெயர்க் காரணங்களில் சிலவற்றை இன்று அப்படியே ஏற்க முடியாது என்றாலும், நமக்குக் கிடைத்த முதல் பெரிய வழிகாட்டி அதுதான்.

அரசன் மாறினால் வளநாட்டின் பெயரும் மாறும். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் இராசேந்திரசிங்க வளநாடு இரண்டாகி, ஒரு பாதி விருதராசபயங்கர வளநாடு ஆனது. ஊர்ப்பெயர்களில் அநேகம் தப்பித்தன. ஆட்சியாளன் வைத்த பெயர் ஆவணத்தில் வாழ்கிறது, வாயில் புழங்கும் பெயர் ஆட்சியைத் தாண்டி வாழ்கிறது. கற்பனை உலகத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அவர்களின் வரைபடத்தில் எல்லாப் பெயரும் ஒரே நாளில், ஒரே ஆளால் வைக்கப்பட்டதுபோல் இருக்கும்.

இயந்திரம் வைக்கும் பெயர்களிலிருந்து தொடங்கலாம். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய 'எலைட்' என்ற விண்வெளி வணிக விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அந்தக் காலத்துக் கணினியின் நினைவகத்தில் அத்தனை பெயரையும் சேமித்துவைக்க இடமேது? எழுத்து இணைகளைக் கோத்து நிரலே பெயர் செய்துகொண்டது. லேவ், டிசோ என்று சில பெயர்கள் ஆடியவர்கள் மனத்தில் தங்கின. மற்றவை ஒலி மட்டுமே. 2006இல் வெளிவந்த 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' வேறு வழியில் போனது. ஆட்டம் தொடங்குமுன் அது ஓர் உலகத்தின் நூற்றாண்டு வரலாற்றையே ஓட்டிப் பார்க்கிறது. குடியேற்றம், போர், அழிவு எல்லாம் நடந்து முடிந்த பிறகே ஆடுபவர் உள்ளே வருகிறார். கற்பனை மொழிகளின் சொற்களை இணைத்து ஊருக்கும் மலைக்கும் பெயர் பிறக்கிறது. பெயர்களில் பாதி வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் பெயருக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

மனிதர்கள் யோசித்து வைத்தவற்றில், தீவு விஷயத்தில் எனக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஒன்று, 2016இல் வந்த 'போகிமான் சன்', 'போகிமான் மூன்' விளையாட்டுகளின் அலோலா. ஹவாயை மாதிரியாக வைத்து வரைந்த தீவுக்கூட்டம். மெலெமெலெ, அகாலா, உலாஉலா, போனி ஆகிய நான்கு தீவுகளின் பெயர்களும் ஹவாய் மொழியில் நிறப்பெயர்கள்: மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா. பெரிய நகரத்தின் பெயர் ஹவுஓலி, மகிழ்ச்சி. சின்ன ஊரின் பெயர் இகி, சிறியது. உள்ளூர் மொழியை மதித்து எடுத்திருக்கிறார்கள், உச்சரிக்க இனிமையாக இருக்கிறது, குழந்தைகள் எளிதில் நினைவில் வைக்கிறார்கள். ஆனால் நான்கு தீவிலும் ஒரே வடிவமைப்பாளரின் கை தெரிகிறது. தீவில் வாழ்பவர் எவரும் தங்கள் தீவை 'மஞ்சள்' என்றும் அடுத்த தீவைச் 'சிவப்பு' என்றும் வரிசைப்படுத்திப் பெயரிடுவதில்லை. வரிசை என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றுவது.

இன்னொன்று 2002இல் வந்த 'மாரோவிண்ட்'. கதை முழுக்க வ்வார்டன்ஃபெல் என்ற எரிமலைத் தீவில் நடக்கிறது. பால்மோரா, ஆல்ட்ரூன், சாட்ரித் மோரா என்று மண்ணின் மக்களான டன்மர்களின் ஊர்ப்பெயர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குள் மந்திரவாதக் குலம் ஒன்று தன் கோபுரக் குடியிருப்புகளுக்கெல்லாம் 'டெல்' என்று முன்னொட்டு வைத்திருக்கிறது: டெல் மோரா, டெல் ஆரூன், டெல் பிரானோரா. இவற்றுக்கிடையே கடல் தாண்டி வந்த பேரரசு கட்டிய கோட்டைகளும் குடியேற்றங்களும் முற்றிலும் வேறு ஒலியோடு நிற்கும்: எபன்ஹார்ட், கால்டெரா, பெலாகியாட். கடைசிப் பெயரில் பெலாகியஸ் என்ற பேரரசர் பெயரின் எதிரொலி கேட்கும். வரைபடத்தைத் திறந்ததும், யாரும் சொல்லாமலே, இந்தத் தீவை வெளியூர்க்காரர் ஆள்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. பல பக்க வசனம் செய்ய வேண்டிய வேலையைப் பெயர்கள் செய்துவிடுகின்றன. நான் பார்த்தவரை, விளையாட்டுத் தீவுகளில் சிறந்த பெயரீடு இதுவே. 2015இன் 'விட்சர் 3' விளையாட்டில் வரும் ஸ்கெல்லிகே தீவுகளும் பலருக்குப் பிடித்தவை. ஆனால் அவற்றின் பெயர் அயர்லாந்துக் கடலோரத்தின் ஸ்கெல்லிக் பாறைத்தீவுகளை அப்படியே நினைவூட்டுவது. அங்கே பாதி வேலையை அயர்லாந்து செய்து கொடுத்துவிட்டது.

மாரோவிண்டில் பேரரசு செய்ததைச் சோழர்கள் கல்லிலேயே செய்திருக்கிறார்கள். இலங்கையைப் பிடித்ததும் அது மும்முடிச்சோழ மண்டலம். பொலன்னறுவை ஜனநாதமங்கலம். மாதோட்டம் இராசராசபுரம். மங்கலம், புரம் என்ற தஞ்சை நிலத்தின் பின்னொட்டுகள் கப்பலேறிப் போய் இலங்கை ஊர்களின்மேல் ஒட்டிக்கொண்டன. இராசராசன் மெய்க்கீர்த்தியில் மாலத்தீவு முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் ஆகிறது. உண்மையில் தீவுகள் சுமார் 1,200. பத்து மடங்கு கூடுதல்தான். ஆனால் நாடுகளை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பெயரிடுவது அக்காலத்து வழக்கம். வென்றவன் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லப்போவதும் இல்லை.

இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு இன்னும் சுவையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள 1030-31ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு அடுக்கும் பெயர்கள்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். சுமத்ராவின் பாலெம்பாங்கிலிருந்து நிக்கோபார் வரை, மலேசியாவின் கெடா வரை விரிந்த ஊர்களும் தீவுகளும். இலங்கையில் செய்ததுபோல் இங்கே யாரும் பெயரை மாற்றவில்லை. தங்கி ஆள வந்தவர்கள் மாற்றினார்கள். அடித்துவிட்டுத் திரும்பியவர்கள் கேட்ட பெயரைத் தமிழ் வாயில் போட்டுக்கொண்டார்கள். தாம்பிரலிங்கம் தமாலிங்கமாகி, முன்னால் 'மா' பெற்றது. நக்கவாரத்துக்கும் அதே 'மா'. தக்கோலத்துக்குத் 'தலை'. மலையூர் தமிழ் ஊர்போலவே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. கூடவே, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி: ஆழ்கடலையே அகழியாகக் கொண்டது ஒன்று, கற்றவர் புகழ்வது ஒன்று, தேன் நிறைந்த சோலைகள் உடையது ஒன்று. விளையாட்டில் புதிய தீவில் இறங்கும்போது திரையில் ஒற்றை வரி அறிமுகம் வருமே, அதற்கு இதைவிடச் சிறந்த முன்னோடி கிடையாது. வளைப்பந்தூறு எங்கே இருந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெயர் இருக்கிறது, அடைமொழி இருக்கிறது, இடம்தான் இல்லை. கற்பனை ஊருக்கும் அதற்கும் இடைவெளி மிகச் சிறிது.

பெயர்ப் போக்குவரத்து ஒருவழியானதும் அல்ல. இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டிய புத்த விகாரம், அவன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் சூடாமணி விகாரம் ஆனது. அதற்குத் தானமாகப் போன ஊர் ஆனைமங்கலம். கடல்கடந்த தீவு மன்னனின் தந்தை பெயர் சோழநாட்டுக் கடற்கரையில். சோழனின் பெயர் இலங்கையில். அந்தத் தானத்தைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

லெய்டன் என்ற பெயர் தமிழ்த் தீவு ஒன்றுக்கும் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவகத்துத் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க். டெல்ஃப்ட், ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க் மூன்றும் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனிக்கு நிர்வாகக் கிளைகள் இருந்த ஊர்கள். கம்பனியின் பங்குப் பட்டியலை எடுத்துக் கடல்மேல் விரித்ததுபோல் இருக்கிறது. முன்னூறு ஆண்டுகளில் டெல்ஃப்ட் மட்டுமே ஆங்கில வழக்கில் எஞ்சியது. தமிழில் அது நெடுந்தீவாகவே இருந்தது, இருக்கிறது. நீண்டு கிடக்கிறது, அதனால் நெடுந்தீவு. அப்படிப்பட்ட பெயரை அழிப்பது கடினம். ஒவ்வொரு முறை தீவைப் பார்க்கும்போதும் அது புதிதாகப் பிறந்துவிடுகிறது.

மன்னார் வளைகுடாவிலும் இதே கதைதான். இந்தியப் பக்கத்து 21 தீவுகளில் நல்லதண்ணித்தீவு என்று ஒன்று, உப்புத்தண்ணித்தீவு என்று ஒன்று. படகில் போகிறவனுக்கு உயிர்ப் பிரச்சினையான தகவல் பெயராக நிற்கிறது. முயல்தீவு, முள்ளித்தீவு, வாழைத்தீவு, விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது நீருக்குள் மூழ்கிவிட்டன. பட்டியலில் மட்டும் இருக்கின்றன.

தமிழ்க் கற்பனைத் தீவுகளுக்கு வருவோம். மணிமேகலையின் மணிபல்லவம், புகார் நகரத்துப் பெண் தூக்கத்தில் கொண்டுசெல்லப்பட்டு விழிக்கும் தீவு. அதைக் காக்கும் தெய்வத்தின் பெயர் தீவதிலகை. சாவக நாட்டில் நாகபுரம். நயினாதீவுதான் மணிபல்லவம் என்று சிலரும், இல்லை என்று சிலரும் வாதிட்டிருக்கிறார்கள். என் எண்ணம்: மணி, பல்லவம் இரண்டும் காப்பியப் புலவரின் சொற்கள், மீனவர் வாயில் பிறந்த பெயர் அப்படி மின்னாது. அது குறையல்ல. தெய்வம் தூக்கிச் செல்லும் தீவுக்கு அந்த மினுக்கம் பொருத்தம்.

கல்கி அப்படியல்ல, அவர் இரண்டு வகைத் தீவையும் ஒரே நாவலில் முயன்றார். மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். காவிரியின் குணம் அறிந்தவர். 1941-42இல் எழுதிய 'பார்த்திபன் கனவு' நாவலில் உறையூர் அருகே காவிரி நடுவில் வசந்தத் தீவு. கடலுக்கு அப்பால், விக்கிரமன் நாடுகடத்தப்பட்டு அரசனாகும் செண்பகத் தீவு. அரண்மனைக்காரர்கள் பொழுதுபோக்கும் இடத்துக்கு வசந்தத் தீவு மிகச் சரி. அரசகுலம் அப்படித்தான் பெயர் வைக்கும். ஆனால் கரையில் ஓடம் தள்ளும் பொன்னன் போன்றவர்கள் அதைத் தங்களுக்குள் வேறு பெயரில் அழைத்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. துருத்தி என்றோ திட்டு என்றோ. செண்பகத் தீவும் அழகுக்காக வைத்த பெயரே. கடல்கடந்த சோழர் குடியிருப்புக்கு இராசராசபுரம்போல் ஒரு பெயர் வைத்திருந்தால் வரலாறு நெருங்கியிருக்கும், மணம் குறைந்திருக்கும். வாராவாரம் காத்திருந்த வாசகருக்கு எது வேண்டும் என்பது கல்கிக்குத் தெரியும்.

தஞ்சை மண்ணில் கற்பனை ஊர்ப்பெயர் உருவாக்கிய இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பெயர் வைத்தவர்களாக நாம் நினைப்பதில்லை. சமூகவியலாளர்கள். ஆய்வு செய்த கிராமத்தின் உண்மைப் பெயரை மறைக்க அவர்களுக்கு ஒரு பொய்ப்பெயர் வேண்டும். 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கிய காத்லீன் கஃப், ஒன்றைக் கும்பப்பேட்டை என்றும், நாகப்பட்டினம் பக்கத்து ஊரைக் கிரிப்பூர் என்றும் அழைத்தார். அவர் நூல் 1981இல் வந்தது. ஆந்த்ரே பெத்தேல் தன் 1965ஆம் ஆண்டு நூலில், தஞ்சை மாவட்டத்தில் தான் வாழ்ந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயரிட்டார். ஸ்ரீபுரம் எனக்குக் கச்சிதமாகப் படுகிறது. அக்ரகாரத்தின் கண்ணோட்டத்திலிருந்து ஊருக்கு வைக்கப்பட்ட பெயர் அது. நூல் ஆராயும் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகின்றன. கும்பப்பேட்டையில் எனக்குத் திருப்தியில்லை. பேட்டை சந்தை கூடும் இடத்துக்கு உரிய பின்னொட்டு. நஞ்சைக் கிராமத்தின் காதுக்கு அது கொஞ்சம் அந்நியம்.

ஸ்ரீபுரத்தின் அக்ரகாரத்தைத் தாண்டினால் குடியானத் தெருக்கள், அதைத் தாண்டி வயலுக்கு நடுவே சேரி. நன்னிலம் வட்டத்திலும் பல ஊர்களின் அமைப்பு இதுதான். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, மேட்டில் கட்டிய ஊர் ஒரு தீவு, சேரி இன்னொரு தீவு. இடையில் ஒரு வரப்போ மண்பாதையோ. வரைபடம் ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுக்கும். சேரி என்ற சொல்லே ஒரு வரலாறு. சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலங்களில் பிராமணர் குடியிருந்த பகுதிகளும் சேரி என்றே அழைக்கப்பட்டன. தஞ்சைக் கோயில் கல்வெட்டில் நானூறு ஆடல்மகளிர் குடியமர்த்தப்பட்ட இடம் தளிச்சேரி. அதே கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது, சுடுகாட்டோடும் வாய்க்காலோடும் சேர்த்துப் பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் ஈழச்சேரியையும் அடுக்குகின்றன. பிராமணச் சேரிகள் அக்ரகாரமாகிவிட்டன. சொல் ஒடுக்கப்பட்டவர்களிடம் மட்டும் விடப்பட்டது. பின்னர் அரசு வீடு கட்டிக்கொடுத்து அதைக் 'காலனி' என்றது. அந்தச் சொல்லும் அதே சுமையை ஏற்றுக்கொண்டது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இந்த அடுக்கு இல்லாத கற்பனை உலகம், எத்தனை தீவு இருந்தாலும், சுற்றுலாத்துறைத் துண்டறிக்கை மட்டுமே. மாரோவிண்டில் ஆள்பவர், ஆளப்படுபவர் என்ற இரண்டு குரல்கள் பெயரில் கேட்கின்றன. அதற்கே அது இருபது ஆண்டுகளுக்கு மேல் நினைவில் நிற்கிறது. தஞ்சை நிலத்தில் குறைந்தது ஐந்து குரல்கள் உண்டு: ஆற்றைப் பார்த்தவர், மண் வெட்டியவர், கோயில், அரசு, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். ஒரே ஊருக்கு உள்ளே இருப்பவர் சொல்லும் பெயரும் வெளியே இருப்பவர் சொல்லும் பெயரும் வேறாக இருக்கலாம். விளையாட்டில் எந்தக் கதாபாத்திரத்திடம் வழி கேட்கிறோமோ அதைப் பொறுத்து ஊரின் பெயர் மாறலாம். அப்படி ஒரு விளையாட்டு இன்று தொழில்நுட்பத்துக்குக் கடினமே அல்ல.

தமிழில் விளையாட்டு உருவாக்கும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது: பெயர்ப்பட்டியலைச் செய்யுளிலிருந்தும் அகராதியிலிருந்தும் தொடங்காதீர்கள். ஒரு வட்டத்தை, நன்னிலமோ சீர்காழியோ, கையில் எடுத்துக்கொண்டு, அதன் ஆறு, வாய்க்கால், மதகு, திடல், திட்டு, படித்துறை எல்லாவற்றுக்கும் ஊரார் சொல்லும் பெயர்களை முதலில் எழுதுங்கள். வருவாய்த்துறை வரைபடத்தில் உள்ளதை ஒரு பத்தியிலும், வயலில் வேலை செய்கிறவர்கள் சொல்வதைப் பக்கத்திலும் எழுதுங்கள். சேரியில் உள்ளவர்கள் தங்கள் தெருவுக்கும் குளத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அவை எந்த வரைபடத்திலும் கிடைக்காது.